ஒன்பதுக்குப் பக்கத்தில்

டிசம்பரில் ஊலு துறைமுகத்துக்குக் கிடைப்பது
மூன்றரை மணி நேரப் பகல்.
அதில் ஒன்றரை மணி நேரத்தை
ஐரா ஹுஹ்தாலா
ஓர் அடைப்புக்குறிக்குக் கொடுத்தாள்.

வேலை என்னவோ சின்னதுதான்.
கடல் எவ்வளவு உறைந்திருக்கிறது என்று
பார்ப்பவர்கள் அனுப்பும் வரிகள்:
தேதி, இடம், தடிமன்,
கடைசியில் கொஞ்சம் புலம்பல்.
காற்று. மறுபடியும் காற்று.
துளைப்பான் உடைந்துவிட்டது, வேறு அனுப்பவும்.
இதிலிருந்து தடிமனை மட்டும் பிரித்தெடுக்க
சி மொழியில் நாற்பது வரி.

இப்படி இருக்கும், தேடு என்று வடிவத்தைச் சொன்னாள்.
பொருந்துகிறது என்றது.
ஆனால் சொல்லைக் கையில் தரவில்லை.
சி அப்படித்தான்,
ஆளைக் கேட்டால் கதவு எண்ணைச் சொல்லும்,
கூட்டிக்கொண்டு வராது.
பதினெட்டில் தொடங்குகிறது, இருபதில் முடிகிறது
(இருபது என்றால் இருபதுக்கு முன்னால்வரை).
சுழியாம் இடத்தில் பொருந்தியது முழுவதும்;
ஒன்றிலிருந்துதான்
அடைப்புக்குறிக்குள் அகப்பட்டவை.
இனி வெட்டிக்கொள்வது உன் பாடு.

வெட்டினாள்.
பதினாறு அறை உள்ள ஒரு பெட்டி,
வரிக்கு வரி அதையே நீட்டினாள்.
புதுப் பெட்டி, அறையெல்லாம் சுழி.
ஆற்று முகத்தில் நாற்பத்தொன்று என்று வந்தது.
சரியாக வந்தது.
அதற்குள் இருட்டிவிட்டதால்
விளக்கை அணைத்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காப்பி ஆறுமுன் தொலைபேசி.
ஹைலுவோட்டோ தீவிலிருந்து
தைஸ்தோ கர்ப்பினென்.
"நீரிணை நடுவில் தொண்ணூற்றொன்று என்று
போட்டது யார்?
நான் குப்புறப் படுத்துக் கையால் அளந்தேன்.
ஒன்பது.
தொண்ணூற்றொன்றில் லாரி போகும்.
ஒன்பதில் என் நாயே யோசிக்கும்."
கொஞ்சம் சும்மா இருந்தார்.
"என் மருமகனிடம் லாரி இருக்கிறது."

பெட்டியைத் திறந்து அறை அறையாகப் பார்த்தாள்.
முதல் அறையில் இருந்த நான்கின்மேல்
ஒன்பது வந்து உட்கார்ந்திருந்தது.
இரண்டாம் அறையின் ஒன்று
நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது.
எழுந்து போ என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.

அடுத்த வரி கலங்கரை விளக்கத்தினுடையது,
துளைப்பான் உடைந்த இடம்.
அங்கே எண்ணே இல்லை.
அகப்படாத அடைப்புக்குறிக்கு
இரு முனையும் மைனஸ் ஒன்று.
மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்றுவரை
நகலெடுக்க என்ன இருக்கிறது?
பெட்டி அசையவில்லை.
அங்கேயும் தொண்ணூற்றொன்று.
யாரும் கால் வைக்காத நீருக்கு
ஒரு ஆள் மார்பளவு உறைபனியை
அவள் நிரல் எழுதிக் கொடுத்திருந்தது.

வெட்டிய துண்டின் கடைசியில்
ஒரு சுழி வைக்க வேண்டும்.
அச்சில் தெரியாது, வாயில் ஒலிக்காது.
க-வின் தலையில் புள்ளி ஏறியதும்
அகரம் நின்றுவிடுகிறதே, அதுபோல்
இதற்குமேல் படிக்காதே என்று மட்டும் சொல்லும்.
அதை வைத்தாள்.
பிறகு மைனஸ் ஒன்றிடம் வந்து
வெகுநேரம் தயங்கினாள்.
சுழி என்று போட்டால்
பனி இல்லை என்றாகிவிடும்.
பார்க்கவில்லை என்பது வேறு.
அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை நட்டாள்.

தைஸ்தோவை அழைத்தாள்.
"திருத்திவிட்டேன்."
"என்னதான் ஆயிற்று?"
"பழையதை அழிக்காமல் விட்டேன்."
மறுமுனையில் காற்று,
பிறகு மறுபடியும் காற்று.
"இன்றைக்குப் பதினொன்று" என்றார்.
"இரண்டு இலக்கம். உனக்குச் சுலபம்."

வைத்த பிறகும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை.
வேண்டுமென்றே நாற்பத்தொன்றை முன்னால் விட்டு
நேற்றைய வரியைப் பின்னால் அனுப்பினாள்.
வெளியே பனி உடைக்கும் கப்பல்
ஒரு முறை ஊதி ஓய்ந்தது.
திரையில் ஒன்பது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.
ஒன்பதுக்குப் பக்கத்தில்
ஒன்றுமில்லை.